பள்ளி முடிக்காதவரும் பல்கலைக்கழகமும்: கடியப்பட்டணம் கரையிலிருந்து ஒரு வரலாறு

பள்ளி இறுதிச் சான்றிதழ் கையில் இல்லாத ஒருவர், வயது வந்தபின் நுழைவுத் தேர்வு எழுதிப் பட்டப்படிப்பில் சேரலாம் என்பது இந்தியாவில் 1985ஆம் ஆண்டு விதியாக எழுதப்பட்டது. வழக்கம் அந்த விதியைவிட மூத்தது. கல்லூரிப் படி மிதிக்காமலே தேர்வெழுதிப் புலவரானவர்களும், அந்தத் தேர்வைப் பிடித்துக்கொண்டு மேலேறிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனவர்களும் தமிழ்நாட்டில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இருந்தார்கள். எழுத்தில் வந்த விதியோ கால் நூற்றாண்டுகூட முழு மதிப்போடு நிலைக்கவில்லை. 2009இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றும் தமிழ்நாடு அரசாணையொன்றும் அடுத்தடுத்து வந்து, பள்ளியை முறையாக முடிக்காமல் வாங்கிய பட்டங்களுக்கு அரசு வேலையில் இடமில்லாமல் செய்தன. இந்த ஏற்ற இறக்கம் எல்லா ஊர்களையும் ஒரேபோலத் தொடவில்லை. பையன்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தொழிலுக்குப் போய்விடும் ஊர்களில்தான் அதன் கனம் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடியப்பட்டணம் அப்படிப்பட்ட கடற்கரையில் இருக்கும் ஊர்.

கல்குளம் வட்டத்தில், முட்டத்துக்கு மேற்கே, வள்ளியாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டியிருக்கிறது கடியப்பட்டணம். நாகர்கோவில் சுமார் 20 கிலோமீட்டர். ஆற்றைத் தாண்டினால் சின்னவிளை, பெரியவிளை, அப்புறம் மணல் ஆலை இருக்கும் மணவாளக்குறிச்சி. ஊரின் ஆலயம் புனித பேதுரு, பவுல் பெயரில் அமைந்தது. இந்தக் கரையில் முக்குவர் என்னும் மீனவச் சமூகத்தின் ஊர்களில் 1544இன் இறுதியில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாகப் புனித சவேரியார் அடுத்த ஆண்டு ஜனவரியில் கடிதம் எழுதினார். அன்று முதல் கடற்கரையின் பொதுவாழ்வு பங்குக் கோயிலைச் சுற்றியே அமைந்தது. கணக்கு வழக்கு, வழக்குத் தீர்ப்பு, தெறிப்பு என்னும் மீன் வரி, முதல் எழுத்தறிவு எல்லாம் அங்கிருந்துதான். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் பெரும்பாலும் உபதேசியார். பிறகு பங்குப் பள்ளியின் ஆசிரியர்களும் கன்னியர்களும்.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே அதிகம். இந்த எண்ணைச் சொல்லி மாவட்டம் பெருமைப்படுவது நியாயம்தான். ஆனால் அது உள்நாட்டையும் கடற்கரையையும் கூட்டிப் போட்ட எண். மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்ததிலிருந்து லண்டன் மிஷன் பள்ளிகள் உள்நாட்டில் பரவின. 1809இல் தொடங்கிய செமினரிப் பள்ளி 1893இல் கல்லூரியாகி, இன்று நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக நிற்கிறது. தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952இலும், பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1965இலும் அதே நகரில் வந்தன. கடற்கரைக்கு ஆரம்பப் பள்ளி வந்தபோது உள்நாட்டில் உயர்நிலைப் பள்ளி இருந்தது. கடற்கரைக்கு உயர்நிலைப் பள்ளி வந்தபோது அங்கே கல்லூரி இருந்தது. ஒரு படி பின்தங்கியவர்கள் அந்த ஒரு படியைக் கடைசிவரை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கடலுக்குப் போன பையன் படிப்பை விட்டான் என்று பள்ளிப் பதிவேடு சொல்லும். அவன் வேறொரு படிப்பில் சேர்ந்திருப்பான். கணியம் பார்ப்பதை எடுத்துக்கொள்ளலாம். கரையில் தெரியும் கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் எழும் மலைமுகட்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, அதைக் குறுக்கே வெட்டும்படி வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டில் நிறுத்தி, கடலுக்கடியில் கிடக்கும் பாரின் இடத்தைத் தப்பாமல் கண்டுபிடிப்பதே கணியம். கட்டுமரத்தில் தண்டு வலித்துக்கொண்டே அப்பனோ சிற்றப்பனோ சொல்லித் தருவார். எந்தப் பாருக்கு எந்தக் கணியம், நீவாடு என்னும் கடலோட்டம் எந்தப் பக்கம் ஓடினால் தூண்டிலை எங்கே இறக்குவது என்பதெல்லாம் மனப்பாடமாக ஐந்தாறு ஆண்டு ஆகும். அதே வயதில் பள்ளியில் இருக்கும் பையன் முக்கோணத்தின் தேற்றங்களைப் படிக்கிறான். இரண்டும் ஒரே அறிவின் இரு பக்கங்கள். ஒன்றுக்கு மதிப்பெண் பட்டியல் உண்டு, மற்றதற்குக் கிடையாது. கடலுக்குப் போனவன் முப்பது வயதில் படிக்க நினைக்கும்போது, விண்ணப்பப் படிவத்தில் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமிருக்காது.

பெண்களின் கதை வேறு. பெண்பிள்ளைகள் பள்ளியில் கொஞ்சம் கூடுதலாக நின்றார்கள். ஆனால் அம்மா மீன் கடவத்தைத் தலையில் சுமந்து உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போக வேண்டிய வீட்டில், தம்பி தங்கைகளைப் பார்க்க மூத்தவள் நின்றுவிடுவாள். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனால் அத்தோடு சரி. பின்னாளில் பால்வாடி, தையல், சுய உதவிக் குழு என்று வெளிவேலைக்கு வந்தபோதுதான் அந்த ஒரு பாடத்தின் விலை தெரிந்தது.

இப்படிப் பாதியில் நின்றவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவு எப்படி இருந்தது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தொடங்கியது. மூன்றுக்கும் முன்மாதிரி லண்டன் பல்கலைக்கழகம்: வகுப்பு நடத்துவது கல்லூரிகளின் வேலை, தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. லண்டன் அடுத்த ஆண்டே, 1858இல், கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. உலகின் எந்த மூலையில் இருப்பவரும் தானே படித்து அதன் தேர்வை எழுதலாம் என்றானது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் அந்த அளவுக்குத் துணியவில்லை. இணைப்புக் கல்லூரியின் வருகைச் சான்று இல்லாமல் தேர்வறைக்குள் விடுவதில்லை என்பதே இங்கே பொது விதி. பள்ளி ஆசிரியர்களுக்கும் சில இடங்களில் பெண்களுக்கும் விலக்கு உண்டு. அதற்கு மேல் நெகிழ்வு இல்லை. நெகிழ்ந்தது தமிழ்ப் படிப்புப் பக்கம் மட்டும்தான்.

உ. வே. சாமிநாதையர் எந்தப் பல்கலைக்கழகத் தேர்வும் எழுதாதவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற ஒரே தகுதியோடு, தியாகராச செட்டியாரின் இடத்தில், 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரித் தமிழாசிரியர் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகம் 1932இல் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. இது தனிமனிதர் ஒருவரின் மேதைமைக்குக் கிடைத்த விலக்கு. அதை ஒரு முறையாக்கியது 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம். சங்கம் வைத்த பால பண்டிதர், பண்டிதர் தேர்வுகளில் எங்கே படித்தாய் என்ற கேள்வி முதன்மையாக இல்லை. என்ன படித்திருக்கிறாய் என்பதே கேள்வி. திண்ணையில் படித்தவரும் எழுதலாம், கடல் கடந்தும் வந்து எழுதலாம்.

அப்படிக் கடல் கடந்து எழுதியவர்களில் ஒருவர் மட்டக்களப்புக் காரைதீவின் மயில்வாகனம். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். 1920இல் லண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டத்தையும் இலங்கையிலிருந்தபடியே பெற்றார். ஒன்று மதுரை கொடுத்த தமிழ்த் தகுதி, மற்றது லண்டன் கொடுத்த ஆங்கிலத் தகுதி. இரண்டுமே தானாகப் படித்தவருக்குக் கிடைத்தவை. துறவு பூண்டு விபுலானந்தர் ஆன பிறகு, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகவும் பொறுப்பேற்றார்.

மு. வரதராசனின் வாழ்க்கை இதைவிட நெருக்கமாக இந்த வரலாற்றோடு பின்னியிருக்கிறது. 1912இல் பிறந்த அவர் திருப்பத்தூரில் பள்ளியிறுதி முடித்துத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். உடல்நலம் கெட்டதால் வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடி தமிழ் படித்தார். 1935இல் தமிழ்ப் புலமைக்கான வித்துவான் தேர்வைத் தனியாக எழுதி மாநிலத்தில் முதலிடம் பெற்றார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசும் கிடைத்தது. அது ஒரு நடுத்தரக் குடும்பம் ஆண்டு முழுக்கச் சாப்பிடக்கூடிய தொகை. பின்பு ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே 1939இல் கீழ்த்திசை மொழிப் பட்டமான பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்.; 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கான முதல் முனைவர் பட்டம். கல்லூரி மாணவனாக ஒரு நாள்கூட உட்காராமல் ஏறிய ஏணி அது. 1971 முதல் 1974இல் இறக்கும்வரை அவர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். தமிழ்நாட்டுக்கு அஞ்சல்வழிப் பட்டப்படிப்பு வந்தது அந்தப் பல்கலைக்கழகத்தில், அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான்.

வித்துவான் தேர்வுக்கு ஓர் எல்லையும் இருந்தது. அதில் தேறியவர் தமிழாசிரியர் ஆகலாம். கணக்கு, வணிகம், அறிவியல் பக்கம் அது எட்டாது. இலக்கண இலக்கியத்தில் ஊறுவதற்கு நூலும் நேரமும் குருவும் வேண்டும். கடற்கரையில் அவை கைவசம் இருந்தது உபதேசியாருக்கும் பள்ளி ஆசிரியருக்கும்தான். வள்ளத்தில் போனவருக்கு அந்த வழி இல்லை என்றே சொல்லிவிடலாம்.

கடியப்பட்டணம் எந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லையில் இருந்தது என்பதும் மாறிக்கொண்டே வந்தது. 1937 நவம்பரில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது இந்தக் கரை திருவனந்தபுரத்தைப் பார்த்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்ததும் தென்மாவட்டங்கள் அதன் கீழ்ப் போயின. 1990இல் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகியவற்றுக்கென மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்தது. ஒரு தலைமுறையின் பாடமொழியும் தேர்வு முறையும் மொத்தமாக மாறிய காலம் இது. பாதியில் விட்ட படிப்பைத் தொடர நினைத்தவர் பழைய சான்றிதழைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்குமா என்று கேட்டு அலைய வேண்டியிருந்தது.

அஞ்சல்வழிக் கல்வியை இந்தியாவில் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மதுரை 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் இறங்கின. பேச்சில் அதற்குக் ‘கரஸ்’ என்று பெயர். விண்ணப்பத்தோடு டிமாண்ட் டிராஃப்டை வைத்து அனுப்ப வேண்டும். சில வாரம் கழித்துத் தபால்காரர் பழுப்புக் காகிதக் கட்டொன்றைக் கொண்டுவருவார். உள்ளே ஸ்டென்சில் போட்டோ அச்சடித்தோ எடுத்த பாடக் குறிப்புகள் இருக்கும். ஆண்டுக்குச் சில நாட்கள் நேர்முக வகுப்பு. தேர்வுக்கு நாகர்கோவில் போல ஒரு நகரத்தில் மையம். இவ்வளவுதான் பல்கலைக்கழகம். இதனால் முதலில் பயன்பெற்றவர்கள் பள்ளி ஆசிரியர்கள். ஆசிரியப் பயிற்சி முடித்து ஆரம்பப் பள்ளியில் இருந்தவர்கள் பி.ஏ. முடித்துப் பட்டதாரி ஆசிரியர் ஆனார்கள். தென்மாவட்டப் பள்ளிகளில் அந்தத் தலைமுறையின் பாதிப் பட்டங்கள் தபாலில் வந்தவை என்று சொன்னால் மிகையாக இருக்கலாம். ஆனால் அப்படிப் பட்டம் வாங்கிய ஆசிரியர் ஒருவராவது இல்லாத பள்ளி அரிது.

ஆயினும் அஞ்சல்வழிக் கல்வி நீக்கியது கல்லூரி வருகையை மட்டுமே. சான்றிதழை அது நீக்கவில்லை. பி.யூ.சி. அல்லது அதற்கு நிகரானது வேண்டும். 1978இல் பதினோராம் வகுப்போடு முடிந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி.யும் கல்லூரியில் ஓராண்டு படித்த பி.யூ.சி.யும் போய், பத்தாம் வகுப்பும் மேல்நிலை இரண்டாண்டும் வந்தன. ஆக, பிளஸ் டூ இல்லாதவருக்குத் தபாலும் எட்டாத தூரத்தில்தான் இருந்தது.

அந்தத் தடையை உடைக்கலாம் என்று உலகுக்குக் காட்டியது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதற்கு முன்பே, 1899இல், தொழிலாளர்களுக்கென்று ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரி தொடங்கியிருந்தது; ஆனால் அது சிலருக்கே இடம் கொடுக்கக்கூடியது. 1969இல் சாசனம் பெற்று 1971 ஜனவரியில் பாடம் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பட்டப்படிப்புக்கு முன்தகுதியே கேட்கவில்லை. சேருவது எவரும் சேரலாம், தேறுவது படித்தால்தான் என்பது அதன் கொள்கை. இலங்கை 1980இல் தன் திறந்த பல்கலைக்கழகத்தை அமைத்தது. இந்தியாவில் ஆந்திரம் 1982இல் முதலில் தொடங்கி, பள்ளி முடிக்காதவர்களுக்குத் தகுதித் தேர்வொன்றை வைத்தது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, பிறந்தது.

அதே 1985இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிமுறைகள்தாம் இந்த வரலாற்றின் மையம். முறைசாராக் கல்வி, தொலைநிலைக் கல்வி வழியாக முதல் பட்டம் படிக்க விரும்புபவர் பன்னிரண்டாண்டுப் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்றது அந்த விதி. கூடவே ஒரு விலக்கும் கொடுத்தது. முந்தைய கல்விப் பதிவு எதுவும் இல்லாதவர், பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறினால் போதும். சேரும் ஆண்டின் ஜூலை 1 அன்று 21 வயதுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவரும் வயதையும் அறிவையும் காட்டிப் பட்டப்படிப்பில் சேரலாம் என்று மத்திய அமைப்பொன்று எழுதிவைத்தது பெரிய துணிச்சல். அந்த விதியை எழுதியவர்களுக்குக் கடற்கரை, மலைக்காடு, தீப்பெட்டி ஆலை என்று பள்ளியிலிருந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்ட இடங்கள் எல்லாம் நினைவில் இருந்திருக்க வேண்டும்.

இக்னோ அதை வேறொரு வடிவில் கொடுத்தது. இளங்கலைக்கான ஆயத்தப் படிப்பு, பேச்சில் பி.பி.பி. 18 வயது ஆனவர் சேரலாம். சமூக அறிவியல், வணிகவியல், பொதுக் கணிதம் ஆகிய மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம், கூடினால் இரண்டாண்டு. கொடுத்த விடைகளிலிருந்து சரியானதைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. தேறினால் பி.ஏ., பி.காம். வகுப்பில் சேரலாம். கணக்கைக் கண்டு அஞ்சிப் பள்ளியை விட்டவர் அதைத் தொடாமலேயே ஏறிவிடலாம்; மீன் ஏலத்தின் வரவு செலவைக் கையிலே வைத்திருந்தவருக்கு வணிகவியல் அந்நியமாக இருக்காது.

தேர்வு நாட்கள் மட்டும் கடலைக் கேட்டு வைக்கப்பட்டவை அல்ல. இக்னோ ஜூனிலும் டிசம்பரிலும் பருவத் தேர்வு நடத்துகிறது. ஜூன் மீனவருக்கு ஓரளவு ஒத்துவரும். ஆனி, ஆடிக் கடல் கலங்கிக் கிடக்கும்போது சிறு வள்ளங்கள் பலநாள் கரையில்தான் நிற்கும், மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலமும் உண்டு. டிசம்பர் அப்படியல்ல. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3இல் முடிகிறது, அடுத்து கிறிஸ்மஸ் வருகிறது. தொழிலையும் வீட்டுச் செலவையும் விட்டுவிட்டுத் தேர்வு மையத்தில் போய் உட்கார யாருக்கும் சுலபமில்லை. கொச்சி, கொல்லம், குஜராத் என்று தங்கல் தொழிலுக்குப் போனவருக்கு இரண்டு மாதமுமே ஒன்றுதான்.

1990களுக்குப் பிறகு வேறொன்று நடந்தது. தமிழ்நாட்டின் சில பல்கலைக்கழகங்கள் ‘ஓப்பன் யுனிவர்சிட்டி’ என்ற பெயரில், இளங்கலையே இல்லாதவரை வயதை மட்டும் பார்த்து நேரடியாக முதுகலையில் சேர்த்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவற்றுள் பெரியது. எட்டாம் வகுப்போடு நின்றவர் இரண்டே ஆண்டில் எம்.ஏ. ஆகலாம் என்று சுவர்களில் விளம்பரம் வந்தது. தெருவுக்கொரு ஸ்டடி சென்டர் முளைத்தது. 1985 விதி கொடுத்தது முதல் பட்டத்துக்கான விலக்கு மட்டுமே; முதல் பட்டம் இல்லாமல் முதுகலைக்கு இடமில்லை என்று அதே விதி தெளிவாகச் சொல்லியிருந்தது. அதைப் பல்கலைக்கழகங்கள் மீறின. படிக்க ஆசைப்பட்டவர்மேல் இதில் குற்றமில்லை. கட்டணம் வாங்கியவர்களுக்கு விதி தெரியும், கட்டியவர்களுக்குத் தெரியாது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தமிழ்நாடு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி நிறுவனத்தின் முதல்வர் பதவிக்கு, இளங்கலை இல்லாமல் இந்த வழியில் பெற்ற முதுகலைப் பட்டம் தகுதியாகுமா என்பது கேள்வி. 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. மானியக் குழுவின் விதிமுறைகள் திறந்தநிலைக் கல்விக்கும் பொருந்தும். முதல் பட்டம் இல்லாத முதுகலை செல்லாது. அடிப்படைத் தகுதியில் உள்ள குறையைப் பின்னால் ஒப்புதல் கொடுத்துச் சரிசெய்ய முடியாது என்றது நீதிமன்றம். சட்டப்படி அதைக் குறை சொல்ல இடமில்லை.

குறை அதற்கடுத்துத் தொடங்குகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 107ஐ வெளியிட்டது. பத்து, பிளஸ் டூ என்ற வரிசையில் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டயம், பட்டம், முதுகலை எதுவும் அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ ஏற்கப்படாது என்றது அது. இந்திய வழக்குரைஞர் மன்றமும் 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகளில், அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் பெற்றவர்களைச் சட்டப் படிப்பிலிருந்து விலக்கியிருந்தது. நீதிமன்றம் தள்ளியது, முதல் பட்டமே இல்லாமல் வாங்கிய எம்.ஏ.யை. அரசாணை அதோடு நிற்காமல், ஆயத்தப் படிப்பில் தேறி, மூன்றாண்டு படித்து, ஒவ்வொரு தாளாக எழுதி முறையாகப் பி.ஏ. வாங்கியவரையும் அதே கூட்டத்தில் தள்ளியது. முன்னவர் விதியை மீறிய வழியில் வந்தவர், பின்னவர் விதி காட்டிய வழியிலேயே வந்தவர். இந்த வேறுபாட்டை ஆணை பார்க்கவில்லை. படிப்பின் அளவைவிடப் படித்த வரிசையே தகுதி என்றானது. கடற்கரை போன்ற இடங்களில் உடைவது அந்த வரிசைதான் என்பதால், அடி அங்கேயே பலமாக விழுந்தது.

தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல்தான் மாநிலச் சட்டமொன்றால் தொடங்கப்பட்டிருந்தது. பள்ளியை விட்டவரைச் சேர்க்கவென்று ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவிய மாநிலமே, ஏழு ஆண்டுகளில் அவர்கள் பட்டத்தைத் தன் அலுவலகங்களில் ஏற்க மறுத்தது. தனியார் வேலை, வங்கிக் கடன், மேற்படிப்பு, ஊரில் மரியாதை ஆகியவற்றுக்கு அந்தப் பட்டம் தொடர்ந்து பயன்பட்டது உண்மை. ஆனால் கடற்கரையில் நடுத்தர வயதில் படிக்க முனைபவர் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது நிலையான மாதச் சம்பளம்தான். கடல் பொய்த்தாலும் அடுப்பெரிய வேண்டும்.

இதனால் பழைய வழியொன்று மறுபடி முன்னுக்கு வந்தது: தனித்தேர்வு. ‘பிரைவேட்டா எழுதுறது’ என்று ஊரில் சொல்வார்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புக்குத் தனித்தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் எவரும் எழுதலாம். அதில் தேறிப் பத்தாம் வகுப்பு, பிறகு மேல்நிலை. அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி வேண்டும் என்பதால் முன்கூட்டியே பதிவுசெய்து ஒரு பள்ளியில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். நாற்பது வயது மீனவர் சீருடைப் பிள்ளைகள் நடுவே சோதனைக் குழாயைப் பிடித்து நிற்பது அந்தப் பயிற்சியில்தான். 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தபோது தனித்தேர்வருக்கு இன்னொரு படி கூடியது. இவ்வழியில் எட்டாம் வகுப்பிலிருந்து பட்டம்வரை வந்துசேர ஏழெட்டு ஆண்டு பிடிக்கும். தனித்தேர்வர்களின் உண்மையான பள்ளிக்கூடம் நீண்டகாலம் டுட்டோரியல்களாக இருந்தது. மாலையிலும் ஞாயிறன்றும் பழைய வினாத்தாளை வைத்துப் பாடம் நடத்திய அந்த ஆசிரியர்களுக்குக் கல்வி வரலாற்றில் யாரும் ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குக் கடற்கரையில் தனி மதிப்பு வர இன்னொரு காரணமும் உண்டு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாவது தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் முன் அனுமதி வேண்டும். தேறியவருக்கு அந்தக் கெடுபிடி இல்லை. வளைகுடா நாடுகளில் படகு வேலைக்குப் போகும் இந்தக் கரையின் இளைஞர்கள் பலரைத் தனித்தேர்வு எழுத வைத்தது பல்கலைக்கழக ஆசையைவிடப் பாஸ்போர்ட் ஆசைதான். திரும்பி வந்தபின் சிலருக்கு அந்தச் சான்றிதழே மேற்படிப்பின் முதல் படியானது.

கைத்தொழிலின் அறிவைப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ளுமா என்ற கேள்வியும் இந்தக் கரைக்குப் புதிதில்லை. கடியப்பட்டணத்துக்கு அடுத்த முட்டத்தில், கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் முயற்சியால், பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே 1970களிலும் 1980களிலும் கடற்கரையில் ஏற்றி இறக்கக்கூடிய ஒட்டுப்பலகைப் படகுகளை வடிவமைத்தார். அலையை, கரையின் சாய்வை, வலையின் பாரத்தை அறிந்த மீனவர்களின் சொல்லைக் கேட்டுத்தான் அந்த வடிவங்கள் தேறின. அந்தப் படகுகளைக் கட்டிய இளைஞர்கள் கற்றுக்கொண்டது கப்பற்கட்டுமானப் பாடம். அதற்கு அன்று எந்தப் பல்கலைக்கழகமும் மதிப்பெண் போடவில்லை. 2023இல் மானியக் குழு வெளியிட்ட தேசிய மதிப்பலகுச் சட்டகம், பணி அனுபவத்தையும் முன்னரே கற்ற திறனையும் அளந்து மதிப்பலகு வழங்கலாம் என்கிறது. கணியம் பார்க்கத் தெரிந்தவரையும் வள்ளம் கட்டத் தெரிந்தவரையும் யார், எந்த மேசையில் உட்கார்ந்து மதிப்பிடுவது என்பதைப் பல்கலைக்கழகங்கள்தான் இனி வகுக்க வேண்டும். மீன்வளப் படிப்புக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே நாகப்பட்டினத்தில் வைத்திருக்கும் தமிழ்நாட்டில், இந்த வேலையைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடமில்லை.

ஆகவே எட்டாவதோடு நின்று, முப்பது வயதில் மேலே படிக்க விரும்பும் கடியப்பட்டணத்துக்காரர் முதலில் தீர்மானிக்க வேண்டியது பட்டம் எதற்கு என்பதையே. அரசு வேலை, ஆசிரியப் பணி, வழக்கறிஞர் தொழில் இவற்றில் ஏதாவது கருத்தில் இருந்தால், தனித்தேர்வராகப் பத்தாவதையும் மேல்நிலையையும் முடித்த பிறகே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வரிசையை மாற்றிவிட்டுப் பின்னால் அந்தத் தேர்வுகளை எழுதினால் அது பெரும்பாலும் எடுபடுவதில்லை. சேரப்போகும் தொலைநிலைப் படிப்புக்கு அந்த ஆண்டுக்கான மானியக் குழு அனுமதி இருக்கிறதா என்பதையும் கட்டணம் கட்டுமுன் பார்த்துவிட வேண்டும். தொலைநிலைக் கல்வியின் அனுமதியைக் கவனித்துவந்த தனி மன்றம் 2013இல் கலைக்கப்பட்டு அந்தப் பொறுப்பு மானியக் குழுவிடம் வந்த பின், அனுமதி பெற்ற படிப்புகளின் பட்டியலைக் குழுவே வெளியிடுகிறது. பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தொலைந்திருந்தால் அதற்கு மாற்றுப்படி வாங்குவதும், பிறந்த தேதியும் பெயரும் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒன்றாகவும் ஆதாரில் வேறாகவும் இருந்தால் திருத்துவதும் விண்ணப்பத்துக்கு முன்னரே முடிய வேண்டிய வேலைகள். இந்தக் கரையில் புனிதர் பெயரும் வீட்டுப் பெயரும் மாறிமாறிப் பதிவாவதால் இதிலேயே பலருக்கு ஓராண்டு போய்விடுகிறது. வயதைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது மட்டுமே விதிக்கப்பட்டிருக்கிறது. உச்ச வரம்பு கிடையாது.